காருக்குள் ‘விமான’ ஸ்விட்ச் பேனல்: முன்னால் அழகு சரி, பின்னால் என்ன இருக்கு?

விடுமுறை நாளில் தீர்த்தமலை அடிவாரத்தில் நின்று பாருங்கள். தீர்த்தகிரீஸ்வரரைத் தரிசிக்க வரும் வண்டிகளில் பத்துக்கு ஒன்றாவது ‘மாடிஃபை’ செய்ததாக இருக்கும். பெரிய டயர், பம்பரில் ஃபோகஸ் லைட், உள்ளே டேஷ்போர்டிலோ கூரையிலோ வரிசையாக ஸ்விட்சுகள். தட்டினால் நீல வெளிச்சம். பார்க்க விமானி அறை மாதிரியேதான் இருக்கிறது.

நண்பர் ஒருவரின் ஜீப்பிலும் அப்படி ஒரு பேனல். சாமி கும்பிட்டுவிட்டு இருட்டில் அரூர் திரும்பிக்கொண்டிருந்தோம். ஃபோகஸ் லைட்டைப் போட்ட பத்தாவது நிமிடம் பிளாஸ்டிக் கருகும் வாடை. வண்டியை ஓரங்கட்டி பேனலைக் கழற்றினால், நான்கு ஸ்விட்சுக்கும் ஒரே மெல்லிய வயர், லூப் அடித்து இழுத்திருக்கிறது. ஃப்யூஸ் இல்லை. வேலை செய்தவருக்குப் போன் போட்டோம். “ஃப்யூஸ் வெச்சா அடிக்கடி போயிடுது சார், அதான் டைரக்டா கொடுத்துட்டேன்” என்றார்.

இந்தக் கட்டுரையின் மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஃப்யூஸ் ஏன் போகிறது?

கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் இவ்வளவு கரண்ட் தொடர்ந்து ஓடினால் வயர் சூடாகும், மேல் உறை உருகும், பாடியில் உரசினால் ஷார்ட் ஆகும். அதற்கு முன்பே உருகி இணைப்பைத் துண்டிப்பதுதான் ஃப்யூஸின் வேலை. அது காப்பாற்றுவது விளக்கை இல்லை, வயரை. அடிக்கடி போகிறது என்றால் வண்டி ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். நாம் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

சரியான வழி ரிலே. விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக பானட்டுக்குள்ளேயே போய்விடும். உள்ளே இருக்கும் ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். அதற்குத் தேவை அரை ஆம்பியருக்கும் குறைவு. பேனல் சூடாகாது, ஸ்விட்சும் தீயாது.

எங்கே பொருத்தலாம்?

2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அடுத்து முன்பக்கப் பயணிக்கும் வந்துவிட்டது. பயணி பக்க ஏர்பேக் டேஷ்போர்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விபத்தில் கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். அதன் மூடிமேல் பேனலை ஒட்டினால், அந்தப் பேனல்தான் முதலில் முகத்துக்கு வரும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் கண்ணாடி ஓரத் தூண் வழியாகக் கூரைக்கு வயர் இழுப்பதும் இதே ரகம்தான். முழங்கால் இடிக்கும் இடமும் வேண்டாம்.

பல கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் கம்பெனியே ஒன்றிரண்டு காலி பட்டன் மூடிகளை விட்டிருக்கும். அந்த அளவுக்கான ஸ்விட்ச் கடைகளில் கிடைக்கிறது. டேஷ்போர்டில் ஓட்டை போட வேண்டாம். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கை எட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

நாலு ஸ்விட்சுக்காக யாரும் பிடிக்கப்போவதில்லைதான். ஆனால், அந்த ஸ்விட்ச் எதை இயக்குகிறது என்பது கேள்வி. பல ஸ்வர ஹார்ன் விதிப்படி கூடாது. சுழல் விளக்கு 2017 மே முதல் அமைச்சர்களுக்கே கிடையாது.

இன்சூரன்ஸும் இருக்கிறது. கூடுதல் மின்சாதனங்களை முன்கூட்டியே சொல்லி, பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்க்க வழி உண்டு. சொல்லாமல் விட்டு, நாளைக்கு வண்டி எரிந்தால், சர்வேயர் முதலில் தேடுவது வெளியில் போட்ட வயரிங்கைத்தான்.

அப்போ வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். அரூர் சுற்றுவட்டாரத்தில் இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். தெருவிளக்கு இல்லாத வளைவில், விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் திடீரென்று முன்னால் நிற்கும். நல்ல வெளிச்சம் ஆடம்பரம் இல்லை. எதிரே வரும் பைக்காரர் கண்ணில் அடிக்காமல் அதை இறக்கிக் கட்டினால் போதும்.

வேலை செய்பவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஸ்விட்ச் பேனலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம், ரிலேவுக்கும் தடித்த வயருக்கும் சேர்த்துக் கேட்டால் “எதுக்குண்ணே அதெல்லாம், கம்மி பண்ணுங்க” என்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குக் காசு, தெரியாத இடத்தில் மிச்சம். பேரம் பேசியது நாம். அவர் அதற்கேற்ப வேலை செய்தார்.

அடுத்த முறை நான்கு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு லைனுக்கும் பேட்டரி அருகிலேயே தனி ஃப்யூஸ் இருக்கா? ரிலே எங்கே? இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் இடத்தில் வயருக்கு ரப்பர் புஷ் போட்டாச்சா? சாவியை எடுத்தால் எல்லாம் ஆஃப் ஆகுதா?

பதில் திருப்தியாக இருந்தால், பேனலை மூடும் முன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாம் ஸ்டேட்டஸில் போடுவது என்னவோ நீல வெளிச்சம் படத்தைத்தான். ஆனால், நடுராத்திரி ரோட்டில் உதவப்போவது அந்த இன்னொரு படம்.