லைட்டு எரிஞ்சா போதுமா?

"போர்ட்டுல பச்சை லைட்டு எரியுதுல்ல? அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கு." நெட்வொர்க் பற்றி யாரிடம் புகார் சொன்னாலும் முதலில் வருவது இந்தப் பதில்தான். அடுத்து, "சுவிட்சை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." அதுவும் வேலைக்கு ஆகவில்லையா, "புது சுவிட்ச் வாங்கணும்பா." பல ஆயிரம் ரூபாய்க்குப் புது சுவிட்ச் வந்து அதே பழைய கேபிளில் உட்காரும். என்ன கொடுமை இது!

பச்சை லைட்டுக்கு என்னதான் அர்த்தம்? இரண்டு முனையும் ஒன்றையொன்று கண்டுகொண்டன, அவ்வளவுதான். அனுப்பியது உருப்படியாகப் போய்ச் சேருகிறதா என்று அது சொல்லாது. கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும். நீல ஜோடியில் ஒன்று அறுந்தால் பல சுவிட்சுகள் சத்தமே போடாமல் 100க்கு இறங்கிவிடும். லைட்டு அது பாட்டுக்கு எரியும். (சிலதில் நிறம் மாறும். யார் பார்க்கிறார்கள்?)

எங்கள் லேபில் ஆன்லைன் டெஸ்ட் நடுவே மூன்றாவது வரிசை மட்டும் தொங்கியது. "பசங்க படம் டவுன்லோடு பண்றாங்க" என்று தீர்ப்பு வந்துவிட்டது. போன மார்க் போனதுதான். சுவிட்சில் 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' என்று ஒரு வரி அடித்திருந்தால் அந்த போர்ட்டுகளின் சிஆர்சி கணக்கு தெரிந்திருக்கும். படம் இறக்கினால் டிராஃபிக் கூடும், சிஆர்சி கூடாது. ஃபிரேம் வழியில் சிதைந்தால்தான் அது ஏறும். அதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர், இல்லையென்றால் டூப்ளெக்ஸ் பொருந்தாமை. பழைய கணக்கை அழித்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தாலே போதும். அதைச் செய்யாமல் மாணவன் மேல் பழி போடுவது சுலபம்.

"டெஸ்டர் வெச்சுப் பாத்தாச்சு, எட்டு லைட்டும் வந்துச்சு" என்று ஒரு வாதம் வரும். அந்த மலிவு டெஸ்டர் பார்ப்பது கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பதை மட்டுமே. 3, 6 பின்கள் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பாக கிரிம்ப் பண்ணினால் எட்டு லைட்டும் அழகாக வரும். ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசிந்து ஃபிரேம்கள் சிதையும்.

இத்தனைக்கும் பல மேனேஜ்டு சுவிட்சுகளுக்குள்ளேயே டிடிஆர் சோதனை இருக்கிறது. கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து, எந்த ஜோடி, ஏறக்குறைய எத்தனை மீட்டரில் அறுந்தது என்று சொல்லிவிடும். சோதிக்கும்போது இணைப்பு அறும் என்பதால் சாயங்காலம் லேப் முடிந்ததும் செய்யலாம். சல்லிக்காசு செலவில்லை.

ஃபைபர் என்றால் கூத்து இன்னும் அதிகம். முனையைக் கண்ணருகே வைத்து "லைட்டு வருதா"ன்னு பார்க்கிற ஆட்கள் உண்டு. சாமி, 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்! டிஓஎம் வசதியுள்ள எஸ்எஃப்பி, தனக்கு வந்து சேரும் ஒளியின் அளவை டிபிஎம்மில் தானே சொல்லும். 3 டெசிபல் குறைந்தால் பாதி ஒளி போச்சு. 10 கிகாபிட் எல்ஆர் வகையில் −14.4க்குக் கீழே போனால் இணைப்பை நம்ப முடியாது. அப்போதும் எஸ்எஃப்பியைத் தூக்கி எறியாதீர்கள். சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் மையம் சுமார் 9 மைக்ரான்தான், ஒரு தூசி போதும் அதை மறைக்க. முதலில் இரண்டு முனையையும் துடைத்துவிட்டு அந்த எண்ணை மறுபடி பாருங்கள்.