இஷாவும் லவுஞ்சும்: நள்ளிரவு விமானத்திற்கு முன் நாம் தேடும் இடம்

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் நம்மவர்களுக்கு இரவு விமானம் புதிதன்று. துபாயிலிருந்து தமிழகத்திற்குப் புறப்படும் விமானங்களில் கணிசமானவை நள்ளிரவை ஒட்டியோ, அதைக் கடந்தோ கிளம்புகின்றன. மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தை அடைந்து, பெட்டிகளை ஒப்படைத்து, குடியேற்றச் சோதனையும் முடிந்தபின் எஞ்சும் நேரத்தை எங்கே கழிப்பது? முன்பெல்லாம் இக்கேள்வியே எழுந்ததில்லை. வாயிலருகே உள்ள இரும்பு நாற்காலிதான் கதி. இன்றோ வங்கி அட்டை வைத்திருப்போர் பலருக்கும் லவுஞ்சின் கதவு திறக்கிறது. எந்த லவுஞ்சில் பிரியாணி நன்று, எதில் சாய்வு நாற்காலி உண்டு, எதில் குளிக்கலாம் என்றெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் விரிவாகவே பேசப்படுகிறது. எதில் தொழ இடமுண்டு என்ற கேள்வி மட்டும் அங்கே அரிதாகவே எழுகிறது.

இதைப் பிறரைச் சுட்டிக்காட்டிச் சொல்லவில்லை. ஒரு குளிர்காலத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து பயணம் செய்தோம். விமானம் அதிகாலை இரண்டரை மணிக்கு. எங்களிடம் இருந்த அட்டைக்கு இருவருக்கே அனுமதி. உடன் வந்த முதியவர், "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க தம்பி, நான் இங்கேயே இருந்துக்கிறேன்" என்றார். நாங்களும் போய்விட்டோம். போனதும் தட்டை நிரப்பினோம், உண்டோம். இஷாவைச் சற்றுப் பொறுத்துத் தொழலாம், நேரம்தான் இருக்கிறதே என்று மெத்தென்ற இருக்கையில் சாய்ந்தோம். இஷாவுக்கு முன் உறங்குவதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதை ஜும்ஆ மேடையில் எத்தனை முறை கேட்டிருப்போம்! லவுஞ்சுகள் பலவற்றில் விமான அறிவிப்புகள் செய்யப்படுவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாததன்று. கண் விழித்தபோது வாயில் மூடப்பட இருபது நிமிடமே இருந்தது. ஓடினோம். அந்த முதியவர் பொதுத் தொழுகை அறையில் ஜமாஅத்துடன் இஷாவைத் தொழுதுவிட்டு, தஸ்பீஹ் மணியை உருட்டியவாறு வரிசையில் எங்களுக்காகக் காத்து நின்றார்.

உறக்கத்தால் உளூ முறிந்திருந்தது. விமானக் கழிவறையின் சிறு குழாயில் சொட்டுச் சொட்டாக வந்த நீரில் எப்படியோ உளூச் செய்து, பணிப்பெண்ணிடம் அனுமதி கேட்டு, வால்பகுதியில் ஒருவர் பின் ஒருவராக நின்று தொழுதோம். தமிழகம் நோக்கிப் பறக்கும் விமானத்தில் கிப்லா ஏறத்தாழ நம் முதுகுப்புறம். வாலை நோக்கித்தான் நிற்க வேண்டும். ஃபஜ்ருக்குச் சிறிது நேரமே இருந்தது. தொழுகை நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் மூன்று மணி நேரம் தரையில் தண்ணீரும் இடமும் இருந்தும் அதைத் தவறவிட்டோமே என்ற வெட்கம் இன்னும் நீங்கவில்லை.

நள்ளிரவு விமானத்தில் செல்பவருக்கு இஷா, ஃபஜ்ர் ஆகிய இரண்டு தொழுகைகளும் சோதனைக்குரியவை. இஷாவைப் பொறுத்தவரை, விமானம் மாறுவதற்காகத் துபாயில் இறங்கியவர் முஸாஃபிர். அவர் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் மஃரிபுடன் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினருக்கு ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் சேர்த்துத் தொழும் அனுமதி இல்லை. ஆனால் துபாயிலேயே குடியிருப்பவரின் நிலை வேறு. அவ்விமான நிலையம் நகருக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஊர் எல்லையைக் கடந்த பின்னரே சுருக்கித் தொழும் சலுகை தொடங்கும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. ஆகவே அவர் லவுஞ்சில் தொழ வேண்டியது நான்கு ரக்அத்.

ஃபஜ்ருக்கோ சேர்ப்பும் இல்லை, சுருக்கமும் இல்லை. அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பினால் அந்நேரம் வானில்தான் வரும். கிழக்கு நோக்கிப் பறப்பதால் விடியலை நாமே எதிர்கொண்டு செல்கிறோம். தரையில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் நீடிக்கும் ஃபஜ்ர் நேரம், விமானத்தில் ஒரு மணிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அந்நேரத்தில்தான் உணவு வண்டியும் நடைபாதையை அடைத்துக்கொண்டு வரும். எனவே ஏறுவதற்குச் சற்று முன் உளூச் செய்துகொள்வதே எளிது. குஃப் அணிந்திருந்தால் கால் கழுவும் சிரமமும் இல்லை, மஸ்ஹு போதும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பார்த்தால், லவுஞ்சைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலே மாறிவிடுகிறது. தொழும் அறையும் கால் கழுவும் இடமும் உள்ள லவுஞ்ச், சிறியதாயினும் மேலானது. அவை இல்லையெனில், நிலையத்தின் பொதுத் தொழுகை அறைக்கு அருகிலுள்ள நாற்காலியே நமக்கு லவுஞ்ச். துபாயில் எல்லா முனையங்களிலும் உளூ வசதியுடன் தொழுகை அறைகள் உள்ளன. லவுஞ்சின் முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துத் தரையெல்லாம் நனைப்பதை விட, சில நிமிடங்கள் நடந்து அங்கே செல்வது மேல். அந்தத் தரையைத் துடைப்பவரும் பெரும்பாலும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வந்த ஓர் ஏழைச் சகோதரர்தான். (தொழுகை அறையில் பெட்டியைத் தலைக்கு வைத்து ஸஃப்பின் குறுக்கே உறங்குவோரைப் பற்றியும் எழுதலாம்; அது தனிக் கட்டுரையாக நீளும்.)

அடுத்தது மது. சவூதியிலும் குவைத்திலும் நாட்டுச் சட்டமே அதைத் தடுத்திருப்பதால் அங்குள்ள லவுஞ்சுகளில் இக்கவலை இல்லை. துபாயில் பல லவுஞ்சுகளில் அது கிடைக்கும். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்னும் கருத்தில் வரும் நபிமொழி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. பெரிய கூடத்தின் ஒரு மூலையில் மது இருப்பதையும், அதே மேசையில் அது இருப்பதையும் ஒன்றாக வைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. ஆயினும் மது இல்லாத இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்க, நாற்காலி சற்று மென்மை என்பதற்காக மற்றதைத் தேர்வது நமக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றிலும் நம்மை அதிகம் உறுத்துவது அந்த அட்டைதான். இந்தியாவின் பல லவுஞ்சுகளில் 2 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே அனுமதிக்கிறார்கள் என்று மகிழ்ந்து பேசுகிறோம். அந்த மீதிச் செலவை வங்கி ஏன் ஏற்கிறது என்று யோசிப்பதில்லை. இப்போது பல வங்கிகள், முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்று நிபந்தனை விதிக்கின்றன. தேவையில்லாத பொருளை வாங்கி அந்த இலக்கை எட்டியவர்களை நாம் அறிவோம். கடன் அட்டைத் தொகையைத் தவணை தவறாமல் முழுவதும் கட்டுபவருக்கு வட்டி இல்லைதான். ஆனால் ஒரு மாதம் தவறினால் 3.5 சதவீத அளவில் வட்டி ஏறும், ஆண்டுக் கணக்கில் அது 40 சதவீதத்தைத் தாண்டும். வட்டி கொடுப்பேன் என்று கையொப்பமிட்டு ஒப்பந்தம் செய்வதே கூடாது என்னும் அறிஞர்களும் உள்ளனர். ஒரு வேளை உணவுக்காகவும் இரண்டு மணி நேர இருக்கைக்காகவும் அந்த ஒப்பந்தத்திற்குள் நுழைவது பொருந்தாத பேரம். லவுஞ்ச் வேண்டுமென்றால் அன்றைய கட்டணத்தைக் கையிலிருந்து செலுத்தலாம். வங்கிக் கணக்கின் டெபிட் அட்டைகள் சிலவற்றிலும் இவ்வசதி உண்டு.

சொந்தப் பணத்தைச் செலுத்தி முதிய பெற்றோரை அங்கே அமரவைப்பதை வீண்விரயம் என்று யாரும் சொல்ல மாட்டோம். முழங்கால் வலியுள்ள தாய்க்கு மூன்று மணி நேர இரும்பு நாற்காலி ஒரு தண்டனை. அவர்களுக்காகவே லவுஞ்ச் என்றால் அது செலவழிக்கத் தக்க செலவு. நாங்கள் செய்ததோ நேர்மாறு: முழங்கால் வலி இருந்தவரை வெளியே விட்டுவிட்டு, திடகாத்திரமான இருவர் உள்ளே போனோம்.

சென்ற முறை அதே முதியவருடன் மீண்டும் அதே வழியில் வந்தோம். மூவருக்கும் அனுமதி கிடைக்கும் லவுஞ்ச் ஒன்று இருந்தது. தொழும் அறை இல்லை. அவரையே கேட்டோம். "முதல்ல தொழுதுடுவோம் தம்பி, அப்புறம் எங்கே வேணும்னாலும் உட்காரலாம்" என்றார். பொதுத் தொழுகை அறையில் அவரே முன்னின்று தொழவைத்தார். பின்னர் லவுஞ்சுக்குப் போக அவருக்கு மனமில்லை. வெளியே தேநீர் வாங்கிக்கொண்டு, வாயிலருகே அதே இரும்பு நாற்காலிகளில் மூவரும் அமர்ந்துவிட்டோம்.