பெட்டியும் பிரார்த்தனையும்

“இந்தியும் தெரியாது, சங்கீதமும் தெரியாது, எனக்கு எதற்கு ஆர்மோனியம்?” என்று பின்வாங்கும் சகோதரியா நீங்கள்? ‘ஏ மாலிக்’ பிரார்த்தனையில் தொடங்கிப் பாருங்கள். சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ (1957) படத்துக்காக, வஸந்த் தேசாய் இசையில் லதா மங்கேஷ்கர் பாடியது. முரட்டுக் கைதிகளைத் திருத்தும் கதையில் வரும் பாட்டு. நம் கூச்சத்தைப் போக்காதா, என்ன?

முதலில் பொருளைக் கேட்டறிந்து, வாய்விட்டுப் பாடிப் பழகுங்கள். பிறகுதான் பெட்டி.

இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கத்தை ஒட்டிய வெள்ளைக் கட்டையை ஸட்ஜமாக வைத்து, வெள்ளைக் கட்டைகளிலேயே மேலே போங்கள், சங்கராபரணம் ஒலிக்கும். ஸ, ரி, க மூன்றுக்கும் மூன்று விரல்கள். ‘ம’வுக்குக் கட்டை விரலை அடியில் நுழைத்துக் கொண்டு வாருங்கள். இடது கை துருத்தியைச் சீராக, மெதுவாக அசைக்கட்டும். விரல் பழகியபின், உங்கள் தொண்டைக்கு ஏற்ற கட்டையை ஸட்ஜமாக்கிப் பாட்டைத் தேடுங்கள்.

கமகம் பேசாது என்று 1940-ல் அகில இந்திய வானொலி இந்தப் பெட்டியை ஒதுக்கி வைத்தது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. குறை உண்மைதான். ஆகவே குழைவைக் குரலுக்கு விட்டுவிடுங்கள். பெட்டி துணைக்கு வரட்டும், போதும்.

விளக்கேற்றிய பின் குழந்தைகளையும் உட்கார்த்திப் பாடுங்கள். நடுவில் விரல் தடுமாறுகிறதா? நிறுத்தாதீர்கள். ஸட்ஜத்தை மட்டும் அழுத்திக்கொண்டு பாட்டை முடித்துவிடுங்கள். போட்டிக்கா வாசிக்கிறோம்?