கோடை வகுப்பு வேண்டுமா?

சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கு மேற்கேயுள்ள நிலப்பரப்பு, சென்ற முப்பதாண்டுகளுக்குள் யந்திரத் தொழிலின் நிலைக்களமாக மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பெற்றன. இவற்றின் அணித்தே பொறியியற் கல்லூரிகளும் பல எழுந்துள்ளன. அங்குப் பயிலும் மாணவர் நான்காண்டில் பட்டம் பெறுதற்குக் கோடை வகுப்புகள் வேண்டுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

பொறியியற் படிப்பு எட்டுப் பருவங்களைக் கொண்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகள், இணைப்புக் கல்லூரி மாணவர் அதனைப் பதினான்கு பருவங்களுக்குள் முடிக்க இடந்தருகின்றன. ஆயினும், வேலைக்கு ஆள் தேடிக் கல்லூரிக்கு வரும் நிறுவனங்களுட் பல, தேறாப் பாடம் ஒன்றேனும் உடையாரை ஏற்பதில்லை. ஆகவே, விதி ஏழாண்டு தரினும் வாழ்க்கை நான்காண்டே தருகின்றது.

மாணவர் 'அரியர்' என வழங்கும் தேறாப் பாடம் பெருகும் விதத்தைச் சற்றே நோக்குவோம். முதற்பருவத்திற் கணிதத்தில் தவறியவன், அடுத்த பருவத்தின் பாடங்களோடு அப்பழம் பாடத்தையும் சுமக்கின்றான். அதனை மீண்டும் கற்பிப்பார் இலர். தேர்வுக் கட்டணம் செலுத்தித் தானே படித்து எழுதவேண்டும். அக்கணிதத்தின் மேல் எழும் பாடங்களும் விளங்காமற் போகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகின்றன. தமிழ் வழியிற் பயின்று, தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவனுக்கே இவ்விடர் மிகுதி. அரசுப்பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் நூற்றுக்கு ஏழரை இடங்களை ஒதுக்கித் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் இயற்றப்பெற்றது. வாயிலைத் திறந்துவிட்டோம், உட்புகுந்தவனை நடுவழியிற் கைவிடுதல் அறமாகுமா?

தேர்வை நீக்கிவிடுதலே எளிய வழியன்றோ எனச் சிலர் கூறக்கூடும். அதனையும் கண்டுவிட்டோம். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தியிருந்தோர்க்குத் தேர்வின்றியே தேர்ச்சியளிக்க அரசு ஆணையிட்டது. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. கல்லாததைக் கற்றதாக எழுதிக் கொடுத்தலால் யந்திரம் இயங்காது.

கோடை வகுப்பை மறுப்போர் கூற்றிலும் உண்மை உண்டு. கோடை, ஆலைக்குச் சென்று தொழில் பழகுதற்குரிய காலம். ஒரகடத்தின் அருகிருந்தும் பட்டறையைக் காணாது பட்டம் பெறுதல் பேரிழப்பு. சித்திரை வைகாசி வெயிலோ கொடிது. ஏழை மாணவன் அக்காலத்திற் கூலி தேடி வீட்டுக்கு உதவுவதும் உண்டு. இவற்றினும் பெரிய அச்சம் ஒன்றுளது: எல்லோரும் வந்தே தீரவேண்டும் எனக் கல்லூரிகள் விதித்துப் புதியதோர் கட்டணத்திற்கு வழி தேடுமோ என்பது.

ஆதலின் நாம் கருதுவது இது. கோடை வகுப்பு அனைவர்க்கும் வேண்டுவதன்று. தவறியவர்க்கு, அவரும் விரும்பினால், வேண்டும். ஆறு வாரம், இரண்டு பாடங்களுக்கு மிகாமல், அடிப்படையிலிருந்து கற்பித்தல் வேண்டும். கற்பிக்கும் ஆசிரியர்க்குத் தனி ஊதியமும், முதற்பட்டதாரி மாணவர்க்குக் கட்டண விலக்கும் இன்றியமையாதன. வகுப்பின் முடிவில் உடனே தேர்வும் நிகழவேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் இதனைத் தாமே செய்துகொள்ளலாம். இணைப்புக் கல்லூரிகட்குத் தேர்வு நடத்துவது பல்கலைக்கழகமாதலின், அது மனம் வைத்தல் வேண்டும். இறுதிப் பருவத்தில் ஒரு பாடம் தவறியவன் நவம்பர் வரை காத்து, கைக்கெட்டிய வேலையை இழப்பது அப்பொழுது ஒழியும்.

எனினும், கோடை வகுப்பு மருந்தேயன்றி உணவன்று. முதலாண்டுக் கணிதத்தைத் தமிழிலும் விளக்கி, முதல் மாதத் தேர்விலேயே பின்தங்கியவனை அறிந்து மாலையில் ஒருமணி நேரம் உடனிருந்து கற்பிப்பார் உளராயின், மேயில் மருந்து தேடுவோர் தொகை தானே குறையும். ஒவ்வோராண்டும் கோடை வகுப்பு நிரம்பி வழியுமாயின், அது மாணவர்க்கு மட்டும் இழுக்கன்று. ஆண்டு முழுதும் நடந்த வகுப்புகளுக்கும் இழுக்கேயாம் என்பதைக் கல்லூரிகள் மறவாதிருத்தல் வேண்டும்.