வாசற்படியும் வாஸ்துப் புரட்டும்

ஒரு வீட்டுக்கு வாசல் எதற்காக வேண்டும்? மனிதர்கள் உள்ளே வரவும் வெளியே போகவும், காற்றும் வெளிச்சமும் நுழையவும், மழையும் தூசியும் திருடனும் வராமல் தடுக்கவும் என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் நம் நாட்டில் ஒருவர் வீடு கட்டப் புகுந்தால், வாசல் இந்தக் காரியங்களுக்கு உதவுமா என்று பார்ப்பவர்களைக் காண்பது அரிதாயிருக்கிறது. லட்சுமி வருவாளா, மூதேவி போவாளா, எமன் எந்தத் திசையில் நிற்கிறான் என்று பார்ப்பவர்களே எங்கும் காணப்படுகிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் மனிதர்களாயிருக்க, வாசல் மட்டும் தேவர்களுக்காக வைக்கப்படுகிறது! இதன் பலனை அனுபவிக்கிறவர்கள் அந்த வீட்டுக் கிழவர்களும், கர்ப்பிணிகளும், குழந்தைகளுமேயாவார்கள்.

வாசலில் சங்கடமே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. மனை குறுகலாயிருக்கும், தெரு உயர்ந்து வீடு பள்ளமாயிருக்கும், நடை பகலிலும் இருட்டாயிருக்கும், கதவைத் திறந்தவுடன் மாடிப்படி முட்டும், அல்லது கக்கூசு எதிரே தெரியும். இவையெல்லாம் உண்மையான சங்கடங்களே. ஓர் அளவு நாடாவும், நல்ல மேஸ்திரியும், கொஞ்சம் சுயபுத்தியும் இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை தீரக்கூடியவையே. ஆனால் சங்கடம் கண்டவுடன் நம்மவர்கள் மேஸ்திரியைக் கூப்பிடுவதில்லை, வாஸ்துக்காரரைக் கூப்பிடுகிறார்கள். அவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாஸ்திரம் சொல்லுகிறார். கருவி பகுத்தறிவுடையது, பேச்சோ பஞ்சாங்கத்துடையது!

முதலாவதாகத் தெற்கு வாசலை எடுத்துக்கொள்வோம். தெற்கு எமனுடைய திசையாம். ஆகையால் அந்தப் பக்கம் வாசல் வைக்கலாகாதாம். கிழக்கு மேற்காக ஓடும் எந்தத் தெருவிலும் ஒரு வரிசை வீடுகள் வடக்கு பார்த்தும், எதிர் வரிசை வீடுகள் தெற்கு பார்த்தும்தானே இருந்தாக வேண்டும்? தெற்கு பார்த்த வரிசையில் உள்ளவர்கள் எல்லாரும் செத்துப் போனார்களா? வடக்கு பார்த்த வரிசையில் உள்ளவர்கள் சாகாமல் உட்கார்ந்திருக்கிறார்களா? ஒருவர் தம் தெருவில் பத்து நிமிஷம் நடந்து பார்த்தால் தீர்ந்துபோகிற சந்தேகம் இது. நம் புலவர்கள் வாயாரப் புகழ்ந்த தென்றல் தெற்கிலிருந்துதானே வருகிறது? வாய்க்குத் தென்றல் வேண்டும். வாசலுக்கு ஆகாது என்றால் இது என்ன புத்தி? இந்தப் பயத்தால் லாபம் அடைகிறவர் மனைத்தரகர் ஒருவரே. தெற்கு மனை என்று சொல்லிக் குறைந்த விலைக்கு வாங்கவும், கிழக்கு மனை என்று சொல்லி அதிக விலைக்கு விற்கவும் இது அவருக்கு உதவுகிறது.

அடுத்தபடியாக மனையடி சாஸ்திரம். எட்டடி ஆகுமாம், ஒன்பதடி ஆகாதாம். எந்த அடி என்று நாம் கேட்கிறோம். இன்று ஆசாரி கையிலுள்ள அடி 30.48 சென்டிமீட்டர் என்று 1959-ஆம் வருஷத்தில் இங்கிலீஷ் பேசும் நாடுகள் சில கூடி முடிவு செய்துகொண்ட அடியாகும். அதற்கும் நம் ரிஷிகளுக்கும் என்ன சம்பந்தம்? நமது தேசமோ 1956-ஆம் வருஷத்திலேயே மீட்டர் அளவைச் சட்டமாக்கிவிட்டது. அப்படியானால் மீட்டரில் கட்டப்பட்ட வீட்டில் லட்சுமி எப்படி எண்ணிப் பார்த்து நுழைகிறாள்? ஒன்பதடி நடை வேண்டியிருக்கும் இடத்தில் சாஸ்திரத்துக்குப் பயந்து எட்டடியாகச் சுருக்கிவிட்டு, பிறகு செருப்பு வைக்கவும் இடமில்லை, சைக்கிள் நிறுத்தவும் இடமில்லை என்று அழுவதால் பயன் என்ன?

படி எண்ணிக்கையில் நடக்கும் கூத்து இதைவிட ஆபத்தானது. படிகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமாம். தெருவுக்கும் வீட்டுத் தரைக்கும் 2 அடி, அதாவது 24 அங்குலம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆறு அங்குலமாக நான்கு ஏற்றம் வைத்தால் கிழவியும் சுகமாக ஏறலாம். நான்கு ஆகாது, மூன்று வை என்றால் ஒவ்வொன்றும் எட்டு அங்குலமாகிவிடும். வீட்டுப்படி 19 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று 2016-ஆம் வருஷத்துத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்லுகிறது. எட்டு அங்குலம் 20 சென்டிமீட்டரையும் தாண்டிப் போகிறது. ஐந்தாக்கு என்றாலோ, இடமில்லாத மேஸ்திரி ஆறு, ஆறு, ஆறு, நான்கு, இரண்டு என்று பூசிக் கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறார். ஆறு அங்குலத்துக்குப் பழகிய கால், திடீரென்று இரண்டு அங்குலத்தைக் கண்டால் தடுக்காமல் என்ன செய்யும்? படிகளில் எண்ணிக்கை முக்கியமல்ல, எல்லாம் ஒரே உயரமாயிருப்பதே முக்கியம் என்பது சாஸ்திரக்காரருக்குத் தெரியாது, விழுந்தவருக்குத் தெரியும்.

நிலைப்படியின் உயரத்தையும் கவனியுங்கள். மண் தரையும் கூரை வீடுமாயிருந்த காலத்தில் மழைத் தண்ணீரையும் பூச்சி பொட்டையும் தடுக்க உயரமான நிலைப்படி வேண்டியிருந்தது. அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். அந்தக் காரணத்தை மறந்துவிட்டு, அதில் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள், மிதிக்காதே என்று மஞ்சள் பூசினார்கள். இன்று வாசலுக்கு மேலே இரண்டடி நிழற்பலகை இறக்கி, வெளித்தரையைப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வீதம் தெருப்பக்கம் சரித்து, கதவின் அடியில் ரப்பர் பட்டை வைத்துவிட்டால் தண்ணீரும் வராது, தேளும் வராது. நிலைப்படி அரை அங்குலம் இருந்தால் போதும். மிதிக்கவும் கூடாது, தாண்டவும் முடியாது என்றால் காலை வீசி நடக்க முடியாத முதியவர் எங்கே போவார்? பல வீடுகளில் அவர் எங்கும் போவதில்லை, உள்ளேயே கிடக்கிறார். அதற்குப் பெயர் ஆசாரம்!

நாமறிந்த ஒரு நெசவாளர் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை. தெற்கு வாசலே காரணம் என்றார் வாஸ்துக்காரர். கடன் வாங்கி, நல்ல வாசலை அடைத்து, கிழக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய இரண்டரையடிச் சந்தில் வாசல் திறந்தார்கள். பழைய செங்கல் சுவராதலால், இரு பக்கமும் அரையடியாவது பதியும்படி உத்திரம் போடாமல் உடைத்ததில் சுவரும் வெடித்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் பாட்டி இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது ஸ்டிரெச்சர் அந்தச் சந்தில் திரும்பவில்லை. போர்வையில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பெண்ணுக்குப் பிறகு கலியாணம் ஆயிற்று. வாசலால் அல்ல, வேலைக்குப் போன இடத்தில் அவளே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதால்! கடனுக்கு வட்டி மட்டும் இன்னும் கட்டிவருகிறார்கள்.

தெருக்குத்து என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. தெரு நேரே வந்து வாசலில் முடிந்தால் புழுதி வரும். இரவில் வண்டி விளக்கு கண்ணைப் பறிக்கும். பிரேக் பிடிக்காத லாரியும் வரக்கூடும். இதற்குப் பரிகாரம், தெருப்போக்கிலிருந்து வாசலை ஒரு பக்கமாக ஒதுக்குவதும், எதிரே உறுதியான குட்டைச்சுவர் எழுப்பி அடர்ந்த செடி வைப்பதுமாகும். நம்மவர்களோ சுவரில் மாடம் வைத்துப் பிள்ளையாரை உட்காரவைக்கிறார்கள். லாரி வந்தால் முதலில் அடிபடுகிறவர் அவரேயல்லவா? தம்மையே காத்துக்கொள்ள முடியாதவரை மற்றவர்களுக்குக் காவல் வைப்பது நியாயமா?

மழைக்குத் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வருவதை ஈசானி மூலைக் கோளாறு என்கிறார்கள். அது மூலைக் கோளாறு அல்ல; பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, தெருவை வீட்டுக்கு மேலே தூக்கிவிட்டவர்களின் கோளாறு. தெருவார் எல்லாரும் சேர்ந்து நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் போய்ச் சுரண்டிவிட்டுப் போடு என்று கேட்க வேண்டிய விஷயம் இது. அவர்களை ஒவ்வொருவராகப் பிரித்து, உன் தலைவிதி, உன் வீட்டுக் குற்றம் என்று பரிகாரப் பூஜையில் இறக்கிவிடுகிறது வாஸ்து. கேள்வி கேட்க வேண்டியவன் கும்பிடு போடுகிறான். பதில் சொல்ல வேண்டியவன் சுகமாகத் தூங்குகிறான். வாஸ்துவினால் வரும் கேடுகளில் பெரியது இதுவேயாகும்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. இந்த வாசற்படி வெறும் மரமாகவும் கல்லாகவும் மட்டும் இருந்ததில்லை. இன்ன ஜாதியான் தெருவோடு நிற்க வேண்டும், இன்ன ஜாதியான் திண்ணைவரை வரலாம், இன்னார் நடைவரை, இன்னார் மட்டுமே அடுப்படிவரை என்று மனிதனை அளந்து நிறுத்திய கோடு அது. 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகிறது. பல வீட்டு வாசற்படிகள் அதை இன்னும் படிக்கவில்லை. தண்ணீர் கேட்டவருக்குத் தனிச் செம்பும், வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குக் கொல்லை வழியும் வைத்துக்கொண்டு, முன்வாசல் மங்களகரமாயிருக்கிறதா என்று ஜோசியம் பார்ப்பது வெட்கக்கேடு அல்லவா?

ஆகவே தோழர்களே! நீங்கள் வாசல் வைக்கும்போது பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, வீட்டிலுள்ள மூத்தவரை அழைத்து நிறுத்தி, அவர் கால் தூக்கும் உயரத்தைப் பார்த்துப் படி வையுங்கள். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி வையுங்கள். கதவு திறந்தால் மூன்றடி வழி கிடைக்கட்டும். சக்கர நாற்காலிக்குச் சரிவு வேண்டுமானால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கிட்டு, இடமில்லாவிட்டால் நடுவில் சமதளம் விட்டு மடக்குங்கள். சாக்கடையை மூடித் தெருவில் நீட்டாதீர்கள். நடை இருட்டாயிருந்தால் நிலைக்கு மேலே கண்ணாடி போட்டு வெளிச்சம் விடுங்கள். கதவு மாடிப்படியில் முட்டினால் கீலை மறுபக்கம் மாற்றுங்கள். கக்கூசு எதிரே தெரிந்தால் ஓர் ஆள் உயரத் தட்டி போதும். பூசணிக்காய்க்கும், எலுமிச்சம்பழத்துக்கும், பூத பொம்மைக்கும் ஆகிற செலவில் அங்கே ஒரு நல்ல விளக்குப் போடலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, யார் வந்தாலும் அதே வாசல் வழியாக உள்ளே அழைத்து நாற்காலி போடுங்கள். அப்படிப்பட்ட வாசல் எந்தத் திசையைப் பார்த்திருந்தாலும் நல்ல வாசலே என்பது நமது அபிப்பிராயம்.