பிரசவ அறையில் உடனிருப்பவர் யார்?

மகப்பேறு பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எங்களுக்குப் பழக்கமானவை. குழந்தையின் எடை எவ்வளவு, தலை திரும்பிவிட்டதா, சுகப்பிரசவம் ஆகுமா, என்று வந்து சேர வேண்டும், அறை வாடகை எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள். வலி நீடிக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அந்தப் பெண்ணின் அருகில் யார் இருப்பார் என்ற கேள்வியை மட்டும் மிக அரிதாகவே கேட்டிருக்கிறேன். அதை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்று குடும்பத்தினர் எண்ணுகின்றனர். அது குடும்பத்தின் விஷயம் என்று மருத்துவமனைகள் பலவும் எண்ணுகின்றன. இவ்விரு எண்ணங்களுக்கும் நடுவே அந்தப் பெண் தனியாகப் படுத்திருக்கிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவ வலி வலுக்கத் தொடங்கியது முதல் குழந்தையைத் தாயின் மார்பில் கிடத்தும் வரை, அந்தப் பெண் தாமே தேர்ந்தெடுத்த ஒருவர் அவரருகில் இடைவிடாது இருக்க வேண்டும். இதை வசதி படைத்தோருக்கான சொகுசாக நான் கருதவில்லை. இரத்த அழுத்தம் பார்ப்பதும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதும் போல, இதுவும் பிரசவ கவனிப்பின் ஒரு பகுதி.

அண்மைக் காலமாக நம் நகரங்களில் 'டூலா' என்னும் சொல் கர்ப்பிணிகளிடையே புழங்கத் தொடங்கியிருக்கிறது. பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. 1970களில் டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர், தாய்ப்பாலூட்டுதலைப் பற்றி எழுதியபோது, தாய்க்குத் துணைநிற்கும் பெண்ணைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். பின்னர் அது, பிரசவத்தின்போது உடனிருப்பதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்ணுக்குரிய பெயராயிற்று. டூலா மருத்துவர் அல்லர். செவிலியரோ மருத்துவச்சியோ அல்லர். உள்பரிசோதனை செய்வதும் மருந்து கொடுப்பதும் குழந்தையை ஏந்தி எடுப்பதும் அவர் வேலைகள் அல்ல. இடுப்பின் பின்புறத்தை அழுத்தித் தேய்த்துவிடுவார். எழுந்து நடக்கவும் பக்கம் மாறிப் படுக்கவும் கைகொடுப்பார். ஒரு மடக்கு நீர் கொடுத்து, சிறுநீர் கழிக்க நினைவூட்டுவார். வலி ஏறும்போது மூச்சை எப்படி விடுவதென்று தாமும் சேர்ந்து விட்டுக் காட்டுவார். பெரும்பாலான நேரம் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்தச் 'சும்மா இருப்பது' எளிய காரியம் என்று நினைப்பவர்கள் ஓர் இரவு இருந்து பார்க்க வேண்டும்.

சொல் புதிதாயினும் பணி நமக்குப் புதிதன்று. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தின் உட்பொருள் வேறென்ன? அக்காலத்தில் குழந்தையை எடுப்பதற்கு மருத்துவச்சி இருந்தார். அவரைத் தவிர, தாயோ பெரியம்மாவோ அத்தையோ, பிள்ளை பெற்று அனுபவப்பட்ட ஒரு பெண்ணாவது முதுகைத் தாங்கிப் பிடித்திருப்பார். பிரசவம் மருத்துவமனைக்கு வந்தபோது மருத்துவச்சியின் இடத்துக்கு எங்களைப் போன்றோர் வந்தோம். முதுகைத் தாங்கியவரின் இடத்துக்கு எவரும் வரவில்லை. வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து, இரண்டு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட தாய், எந்த நாளுக்காக அத்தனையும் செய்தாரோ அந்த நாளில் பிளாஸ்க்கும் கையுமாக வராந்தாவில் நிறுத்தப்படுகிறார்.

பழைய காலத்தை நான் போற்றிப் பாடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பிரசவத்தில் இரத்தப்போக்காலும் ஜன்னியாலும் இறந்த தாய்மார்கள் எண்ணிலடங்கார். தமிழகத்தில் 2001–03 காலத்தில் 1 லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018–20இல் 54ஆகக் குறைந்தது. மருத்துவமனைப் பிரசவம் இல்லாமல் இது நடந்திருக்காது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. அப்படியிருக்க, துணைக்கும் அங்கே இடம் வேண்டாமா என்பதே என் கேள்வி.

உடனிருப்பதால் என்ன பயன் என்பதற்கு அறிவியல் சான்று உண்டு. 2017இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. தொடர்ச்சியான துணை கிடைத்த பெண்களிடையே இயல்பான பிரசவம் கூடியிருந்தது. சிசேரியனுக்கான வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தது. பிரசவ நேரம் சராசரியாக நாற்பது நிமிடம் அளவுக்குக் குறுகியிருந்தது. 'மோசமான அனுபவம்' என்று பின்னாளில் சொன்னவர்களும் அவர்களிடையே குறைவு. இதனால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு நேர்ந்ததாக அந்த ஆய்வுகளில் தெரியவில்லை. எந்த மருந்தைப் பற்றியும் இத்தனை துணிவாகச் சொல்ல நாங்கள் தயங்குவோம்.

என்னை மிகவும் கவர்ந்த ஆய்வு இதனினும் பழையது. ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் முதலிய மருத்துவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பொது மருத்துவமனை ஒன்றில் நடத்தி, 1991இல் வெளியிட்டது. தலைப்பிரசவப் பெண்களில் ஒரு பிரிவினருக்கு டூலாவின் துணை கிடைத்தது. இன்னொரு பிரிவினரின் அறையில் ஒரு பெண் சற்றுத் தள்ளி அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவர் பேசவில்லை, தொடவில்லை. மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சிசேரியன் மூன்றாம் பிரிவில் 18 சதவீதம், டூலா இருந்த பிரிவில் 8 சதவீதம். மூலையில் பேசாமல் அமர்ந்திருந்தவரின் பிரிவில் 13 சதவீதம்! அறையில் இன்னொரு மனித உயிர் நிலையாக இருக்கிறது என்பதே ஏதோ செய்திருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உடலியலில் இதற்கு விளக்கம் இல்லாமல் இல்லை. கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்ஸிடோசின். அச்சம் மிகும்போது சுரக்கும் அட்ரினலின், கருப்பைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, சுருக்கங்களின் வலுவையும் தளர்த்தக்கூடும். வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த வலி, புதிய இடத்தில் புதிய முகங்களின் நடுவே படுத்ததும் மந்தமாவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

செவிலியர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், மிகுந்த பரிவோடும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே செவிலியர் ஒரே நேரத்தில் பல கட்டில்களைக் கவனிக்க வேண்டும். சொட்டு மருந்தைச் சரிபார்த்து, குழந்தையின் துடிப்பைக் கேட்டு, பதிவேட்டில் எழுதி முடிப்பதற்குள் அடுத்த கட்டிலில் பனிக்குடம் உடையும். அவர் கையை ஒருவருக்கே கொடுத்துவிட இயலாது.

மருத்துவமனைகளின் தயக்கங்களையும் மறைக்க வேண்டியதில்லை. தொற்று, கூட்டம், வாக்குவாதம் என்று காரணங்கள் அடுக்கப்படும். ஒரே கூடத்தில் நான்கு கட்டில்கள் இருக்குமானால் பக்கத்துப் பெண்ணின் மறைவு என்னாவது என்பது நியாயமான கேள்வி. திரைச்சீலைகள் அதற்குப் பெருமளவு விடையளிக்கும். மற்றவை பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. பிரசவ அறையில் வலியால் கத்தும் பெண்ணை அதட்டுவதும் ஏளனமாகப் பேசுவதும் நம் நாட்டு மருத்துவமனைகளில் அறவே இல்லாத வழக்கம் என்று எவரும் சொல்ல முடியாது. உறவினர் ஒருவர் அருகிலிருந்தால் அந்தச் சொற்கள் வாயில் வாரா. துணையை உள்ளே விடுவதில் சிலருக்குள்ள தயக்கத்தின் ஒரு பங்கு இதுவாக இருக்குமோ என்று நான் நினைத்ததுண்டு.

கதவுக்கு வெளியே இருப்பவர்களின் நிலையும் இதனால் மாறும். வராந்தாவில் நிற்போருக்குக் கேட்பது அலறல் மட்டும். இரண்டு வலிகளுக்கு இடையே அந்தப் பெண் கண்மூடி ஓய்வெடுப்பதும், நீர் அருந்துவதும், சில நேரம் சிரிப்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, "அவளால் தாங்க முடியாது டாக்டர், ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று நெருக்குகின்றனர். தாயும் சேயும் நலமாயிருக்க, கருப்பை வாய் திறந்துகொண்டிருக்கும் வேளையிலும் இந்த நெருக்கடி எழும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 44.9 சதவீதக் குழந்தைகள் சிசேரியன் வழியே பிறந்தன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். தாயின் வயது, நீரிழிவு, முந்தைய சிசேரியன், நாள் நட்சத்திரம், மருத்துவர்களின் வசதி என்று இதற்குக் காரணங்கள் பல. வெளியே நிற்பவர்களின் அச்சமும் அவற்றுள் ஒன்று. உள்ளே இருந்து பார்த்தவர் வெளியே வந்து, "நன்றாகத்தான் இருக்கிறாள், இன்னும் நேரம் ஆகுமாம்" என்று சொன்னால் குடும்பம் நம்பும். அதே சொற்களை நான் சொன்னால் அவ்வளவு எளிதில் நம்பாது. உண்மையிலேயே அறுவை சிகிச்சை தேவைப்படும்போதும், அதன் காரணத்தைக் கண்ணால் கண்ட ஒருவர் குடும்பத்தில் இருப்பார்.

யாரை அழைத்துக்கொள்வது? அதைப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும். மாமியாரும் நாத்தனாரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் காரியம் அன்று. தாய்தான் பொருத்தமானவர் என்றும் எப்போதும் சொல்ல முடியாது. மகளின் வலியைக் கண்டு மகளுக்கு முன்பே அழுதுவிடும் தாய்மார்கள் உண்டு. அவர்களைவிட, இரண்டு பிள்ளை பெற்ற நிதானமான அக்காவோ சித்தியோ பக்கத்து வீட்டுப் பெண்மணியோ மேல். கணவர் இருக்கலாமா என்று கேட்டால், மறைவு உள்ள அறையானால், மனைவி விரும்பினால், தாராளமாக இருக்கலாம். கைபேசியை வெளியே வைத்துவிட்டு வரட்டும்.

உறவில் எவருமில்லாதவரும் வெளியூரில் தனியாக வேலைபார்க்கும் தம்பதியரும் பயிற்சி பெற்ற டூலாவை அமர்த்திக்கொள்வது நல்லதே. பயிற்சி பெற்றவரின் துணையில் சிசேரியன் குறைவது கூடுதலாகவே தெரிகிறது என்று மேற்சொன்ன தொகுப்பாய்வும் குறிப்பிட்டது. ஆனால் ஒன்றைக் கேட்டறிந்து அமர்த்துங்கள். மருத்துவர் பரிந்துரைக்கும் சோதனையைத் தடுப்பவர், வலி நிவாரண ஊசி கேட்கும் பெண்ணிடம் அது தோல்வி என்பதுபோலப் பேசுபவர், 'மருத்துவமனையே வேண்டாம்' என்பவர் டூலாவின் எல்லையைக் கடந்தவர். 2018இல் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவிக்க முயன்ற பெண் ஒருவர் உயிரிழந்த செய்தி நினைவிருக்கலாம். அங்கே டூலா எவரும் இல்லை. எனினும், குழந்தை பிறந்தபின் ஏற்படும் இரத்தப்போக்கு எவ்வளவு விரைவில் உயிரைப் பறிக்கும் என்பதை அறியாத துணிச்சல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது சான்று. அந்த நேரத்தில் தேவைப்படுவது மருந்தும் இரத்தமும் கைதேர்ந்தவர்களும். அன்பான கை அப்போது போதாது.

அரசு இதில் பலரினும் முன்னே சென்றிருக்கிறது என்பது குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு அனுமதி அளிக்கும் திட்டம் 2004 வாக்கிலேயே தொடங்கியது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இதை அனுமதித்தது. துணையாக வருபவர் பெண் உறவினராகவும், கூடுமானவரை பிள்ளை பெற்றவராகவும் இருக்க வேண்டும்; தொற்றுநோய் இருக்கக் கூடாது; தூய ஆடை அணிய வேண்டும்; பிரசவம் முடியும்வரை உடனிருக்க வேண்டும்; மருத்துவப் பணியில் தலையிடக் கூடாது என்பன அதன் நெறிகள். தடையின்றி நடைமுறைப்படுத்தக்கூடிய நெறிகள்தாம் இவை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவ கவனிப்பு வழிகாட்டுதல்களும் பெண் தாமே தேர்ந்தெடுத்த துணையை எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைக்கின்றன. ஆகவே இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

வலி எடுத்தபின் இவற்றையெல்லாம் பேசி முடிவு செய்ய இயலாது. எட்டாம் மாதத்துக்குள் உங்கள் துணையார் என்று தீர்மானியுங்கள். அவருக்கு இயலாமற்போனால் யார் என்றும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். 36ஆம் வாரப் பரிசோதனைக்கு வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள். எங்கே அமர வேண்டும், எப்போது செவிலியரை அழைக்க வேண்டும், எந்நேரத்தில் நாங்கள் அவரை வெளியே இருக்கச் சொல்லக்கூடும் என்பதை அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தலைப்பிரசவ வலி ஓர் இரவு முழுதும் நீளலாம். அவர் அன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். பசியோடு இருப்பவரால் பிறர் முதுகை நெடுநேரம் தேய்த்துவிட முடியாது.