அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கேட்போம்!

இத்தனை ஆயிரம் அறுவைச் சிகிச்சைகள் செய்தோம் என்று கணக்குக் காட்டுவது எல்லா அரசுகளுக்கும் வழக்கம். அந்த நோயாளிகள் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்ற கணக்கு மட்டும் மக்கள் பார்வைக்கு வருவதில்லை.

குஷாய்குடா, செர்லபள்ளி பட்டறைகளில் உழைக்கும் நம் தோழர்களுக்குக் குடலிறக்கமோ பித்தப்பைக் கல்லோ வந்தால் பாதை தெரிந்ததுதான். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, பிறகு நாச்சாரம், அதன் பிறகு சனத்நகர். ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்குக் காந்தி, உஸ்மானியா, நிம்ஸ். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். பிறகு ஸ்கேனுக்கு ஒரு நாள், மயக்க மருத்துவரின் ஒப்புதலுக்கு ஒரு நாள், படுக்கை காலியில்லை என்று கேட்டுத் திரும்ப ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் என்பது ஈ.எஸ்.ஐ. முறை. நோயால் வேலை இழந்த ஒப்பந்தத் தொழிலாளியின் சந்தா நின்றுவிடுகிறது. பலன் காலம் முடிந்தால் உரிமையும் போகிறது. காக்க வைத்தே உரிமையைப் பறித்துவிடலாம்!

தனியாரிடம் போனால் தாமதம் இல்லையா? ரொக்கம் கட்டுபவருக்கு இல்லை. அட்டை நீட்டுபவர் ஒப்புதல் வரும்வரை காத்திருக்கிறார். 2007இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீயின் வரம்பு 2023 டிசம்பரில் தெலங்கானாவில் 10 லட்சமாக உயர்ந்தது. 2025 செப்டம்பரில் நிலுவைத் தொகை கேட்டுத் தனியார் மருத்துவமனைகள் அத்திட்டச் சேவையை நிறுத்தின. பாக்கியைத் தீர்க்காமல் வரம்பை உயர்த்தி யாருக்கு லாபம்? ரேஷன் அட்டை இன்னும் தருமபுரியிலோ விழுப்புரத்திலோ இருக்கும் தமிழனுக்கு அந்த வரிசையில் இடமே கிடைப்பதில்லை.

1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஹக்கீம் ஷேக்கை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. காலத்தில் சிகிச்சை தராதது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. அது அவசர சிகிச்சை வழக்கு. மாதக்கணக்கில் காத்திருந்து நோய் முற்றுகிறவனுக்கும் அந்த நியாயம் பொருந்தாதா?

மருத்துவரையும் செவிலியரையும் நாம் பழிக்கவில்லை. ஆள் பற்றாக்குறையில் அவர்களும் நசுங்குகிறார்கள். பற்றாக்குறை எவ்வளவு என்று காட்டவே கணக்குக் கேட்கிறோம். இங்கிலாந்தில் பரிந்துரைத்த 18 வாரத்திற்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. அங்கும் அது லட்சக்கணக்கானோருக்குத் தவறுகிறது. ஆனால் தவறிய கணக்கு மாதந்தோறும் வெளியாகிறது. இங்கே நம் ரயில்வேகூட டிக்கெட் கிடைக்காதவனுக்கு வெயிட்டிங் லிஸ்ட் எண் தருகிறது. எண் நகர்வதை அவன் பார்க்கிறான். உயிருக்குக் காத்திருப்பவனுக்கு அந்த எண்ணும் இல்லை.

நம் கோரிக்கைகள் மூன்று. பரிந்துரைச் சீட்டிலேயே வரிசை எண்ணும் உத்தேசத் தேதியும் எழுத வேண்டும். சராசரிக் காத்திருப்பு நாட்களை ஒவ்வொரு மருத்துவமனையும் வாசலில் ஒட்ட வேண்டும். பரிந்துரை கிடைத்த தொழிலாளிக்குச் சிகிச்சை முடியும்வரை ஈ.எஸ்.ஐ. உரிமை நீடிக்க வேண்டும்.

தோழர்களே, உங்கள் சீட்டின் நகலைச் சங்கத்தில் கொடுங்கள். பரிந்துரைத்த தேதி, சிகிச்சை நடந்த தேதி இரண்டையும் நாமே பதிவேட்டில் எழுதுவோம். அவர்கள் காட்டாத கணக்கை நாம் காட்டுவோம்!